சொப்பு கடையும் பட்டறையில் என் பவுலிங் பந்து: ஐந்துக்கு நாலு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பவுலிங் சாமான் விற்கிற கடை இல்லை. அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமானும் பம்பரமும் மத்தும் குங்குமச் சிமிழும் செய்கிற ஒரு சின்னக் கடைசல் பட்டறை. ஒரு மோட்டார், ஒரு கடைசல் பட்டடை, சுவரோரம் மஞ்சக்கடம்புக் கட்டைகள், ஒரு பக்கம் சிவப்பும் பச்சையுமாக அரக்குக் குச்சிகள், அவ்வளவுதான் இடம். அங்கே போய் வயர் கூடையிலிருந்து ஆறு கிலோவுக்கு மேல் கனக்கிற பந்தை எடுத்து வைத்து, "அண்ணாச்சி, இதுல கட்டவிரல் ஓட்ட சரியில்ல, கொஞ்சம் பாத்துக் கொடுங்க" என்று கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அடுத்த ஆள் யாராவது இருந்தால் அவருக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பஹ்ரைனில் ஏழு வருஷம் இருந்தேன். கம்பெனியில் ஒரு பவுலிங் குழு (கிரிக்கெட் இல்லை, நீளமான பாதையில் பந்தை உருட்டி, கோடியில் நிற்கிற 'பின்' என்கிற பத்துக் கட்டைகளை வீழ்த்துகிற ஆட்டம்), வியாழக்கிழமை ராத்திரி ஆனால் ஆடப் போய்விடுவோம். அங்கேதான் இந்தப் பந்தை வாங்கினேன், பதினாலு பவுண்டு, என் கைக்கே அளவெடுத்துத் துளை போட்டது. ஊருக்குத் திரும்பிப் பாளையங்கோட்டையில் குடியேறிய பிறகு "பவுலிங் ஆடுவேன்" என்று சொன்னால் "எந்த டீம்ல? ஸ்பின்னா ஃபாஸ்ட்டா?" என்றுதான் கேட்பார்கள். இங்கே ஆட இடம் ஏது. மாசம் ஒரு தடவை ஆபீஸ் வேலையாகச் சென்னை போகிறேன், நெல்லை எக்ஸ்பிரஸில் பந்தும் கூடவே வரும், அங்கே ஒரு சாயங்காலம் ஆடிவிட்டு மறுநாள் திரும்புவேன். ஸ்டேஷனில் பையை எக்ஸ்ரேயில் விட்டால் அந்தப் போலீஸ்காரர் ஒவ்வொரு தடவையும் திரையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். இப்போது பழகிவிட்டது, "பந்தா? போங்க" என்கிறார்.

ஊர்ச் சாப்பாட்டில் ஒன்பது கிலோ ஏறினேன். ஏறினது வயிற்றில் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கட்டைவிரலிலும் ஏறியிருக்கிறது. பந்தை விடும்போது விரல் துளைக்குள் ஒரு கணம் சிக்க ஆரம்பித்தது. இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: பந்தில் மூன்று துளை, நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இரண்டு, கட்டைவிரலுக்கு ஒன்று. கையை வீசி விடும்போது கட்டைவிரல் முதலில் வெளியே வரவேண்டும், மற்ற இரண்டு விரலும் ஒரு இமைப்பு கழித்து வரவேண்டும், அந்த இடைவெளியில்தான் விரல்கள் பந்தைச் சுழற்றிவிடுகின்றன. கட்டைவிரல் மாட்டிக்கொண்டால் சுழற்சி போச்சு. பந்து தரையில் வழுக்கிக்கொண்டு இறங்காமல் இடுப்பு உயரத்திலிருந்து தொம்மென்று விழும், வலதுகைக்காரன் என்றால் பந்து இடது பக்கம் இழுத்துக்கொண்டு ஓடும். பந்தை விடுகிற கோட்டிலிருந்து முதல் 'பின்' 60 அடி தூரத்தில் நிற்கிறது. கையில் ஒரு மயிரிழை தப்பினால் அங்கே ஒரு முழம் தப்பும். தொம்மென்று விழுகிற சத்தத்துக்குப் பக்கத்துப் பாதையில் ஆடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பது தனி அவமானம்.

சரி, இறுக்கமாக இருக்கிறது, பெரிசாக்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். நான் மட்டும் நினைக்கவில்லை, ஒரு பெரிய ஊரில் பவுலிங் சாமான் விற்கிற ஒரு கடையிலும் அப்படித்தான் நினைத்தார்கள். ஊரும் வேண்டாம் பேரும் வேண்டாம். உள்ளே போய்ச் சொன்ன பத்தாவது நிமிஷம் மிஷினில் வைத்து ஒரு கடை கடைந்து, "இப்ப ஃப்ரீயா இருக்கும் சார்" என்று கொடுத்துவிட்டார்கள். என் விரலை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வெயிலில் அலைந்துவிட்டு அப்போதுதான் உள்ளே நுழைந்திருக்கிறேன், விரல் வீங்கியிருக்கும் நேரம் அது, கொஞ்சம் உட்காருங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் துளைக்குள் திருகாணி மாதிரி வரி வரியாகத் தடம்.

இதற்கு அப்புறம்தான் கூத்து. துளை பெரிசாகிவிட்டது, ஆனால் சிக்கல் முன்னைவிட மோசமாகிவிட்டது. எனக்கு இது புரியவே இரண்டு மாசம் ஆனது. துளை லொடலொடவென்று இருந்தால் பந்து நழுவிவிடுமோ என்று கை தானாகப் பயப்படும், நீங்கள் வேண்டாம் என்றாலும் கேட்காது. பயந்த கை விரலை உள்ளேயே மடக்கி, கணுவை ஒரு பக்கச் சுவரில் முட்டுக் கொடுத்து, நகப் பக்கத்தை இன்னொரு சுவரில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அப்படி மடங்கின விரல் நேராக வெளியே வருமா? வராது, கொக்கி மாதிரி இழுத்துக்கொண்டுதான் வரும். கணுவின் மேல் தோல் உரிந்து, சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டேன். இன்னும் பெரிசாக்க வேண்டுமோ என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பென்சிலில் உப்புத்தாளைச் சுற்றி நானே ஒரு ராத்திரி தேய்க்க வேறு செய்தேன். வட்டமாக இருந்தது கோழி முட்டை மாதிரி ஆனதுதான் மிச்சம்.

பட்டறைக்கு நான் முதலில் போனது பந்துக்காக இல்லை. தங்கச்சி மகளுக்குச் சொப்பு வாங்கப் போனேன். அங்கே அண்ணாச்சி ஒரு குங்குமச் சிமிழுக்கு மூடி கடைந்துகொண்டிருந்தார். மூடியை வைத்துப் பார்த்தார், இறக்கினார், உளியால் லேசாக ஒரு தொடு தொட்டார், மறுபடி வைத்தார். அப்புறம் சிமிழைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார், மூடி விழவில்லை. இரண்டு விரலால் இழுத்தார், 'டப்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு வந்துவிட்டது. நான் கையில் சொப்பை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும், எனக்கு வேண்டியது இதேதானே!

அடுத்த சனிக்கிழமை புது பஸ் ஸ்டாண்டில் பாபநாசம் பஸ் ஏறினேன், மடியில் வயர் கூடை, அதற்குள் துண்டில் சுற்றிய பந்து. "என்ன, தர்ப்பூசணியா?" என்றார் கண்டக்டர். கூடையை நகர்த்திப் பார்த்துவிட்டு "ஏ யப்பா" என்றார், மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று வண்டி ஒவ்வொரு ஊரிலும் நின்று போவதற்குள் தொடை மரத்துவிட்டது. காரில் வந்திருக்கலாமே என்றால், மே மாச வெயிலில் கார் டிக்கியில் பந்தை வைக்கவே கூடாது, சூட்டில் வெடிப்பு விழும்.

அண்ணாச்சி பந்தைப் பார்க்கவே இல்லை. "மொதல்ல விரலக் காட்டுங்க" என்றார். என் கட்டைவிரலைப் பிடித்து அடிப்பக்கம், கணு, நுனி என்று மூன்று இடத்தில் அமுக்கிப் பார்த்தார், சந்தையில் முருங்கைக்காய் பார்க்கிற மாதிரி. "நீங்க வெயில்ல வந்திருக்கீய, செத்த உக்காருங்க" என்று ஒரு டீயும் வரவழைத்துக் கொடுத்தார். அந்தப் பெரிய கடையில் கிடைக்காதது இந்த ஒரு வாக்கியம்தான்.

டீ குடித்து முடித்ததும் விரல் முழுக்கச் சாக்பீஸ் தூளைத் தடவினார், "உள்ள விட்டு, நீங்க ஆடும்போது எப்படிப் புடிப்பீயளோ அப்படியே புடிச்சு, வெளிய எடுங்க" என்றார். எடுத்தேன். கணுவுக்கு மேலே ஒரு இடத்திலும், நகத்துக்குப் பின்னால் ஒரு இடத்திலும், கட்டைவிரல் அடியில் துளையின் விளிம்பு படுகிற ஒரு கோட்டிலும் மட்டும் தூள் அழிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. அண்ணாச்சி சிரித்தார். "ஓட்ட சின்னது இல்ல தம்பி, பெருசு. நீங்க விரல மடக்கிப் புடிக்கீய, அதான் சிக்குது. சரியா இருந்தா தூளு சுத்துப் பூரா ஒண்ணுபோல அழியணும்."

இந்த ஆட்டத்தை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. போனில் ஒரு வீடியோ காட்டினேன், பார்த்துவிட்டு "இம்புட்டுத் தூரம் உருட்டவா இத்தன பாடு" என்றார். ஆனால் மூன்று நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

பெருத்த துளையைச் சிறுக்க முடியுமா என்று கேட்டேன். "மரமா இருந்தா தக்க அடிச்சு, தக்கைக்குள்ள மறுபடி ஓட்ட போடுவேன். இது என்ன சாமானோ, நான் தொட மாட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பவுலிங்கில் செய்வது அதையேதான், ஸ்லக் என்று இங்கிலீஷில் சொல்கிறார்கள், யூரித்தேனில் செய்த ஒரு உருளைத் தக்கை. பந்தில் பெரிய துளை போட்டு அந்தத் தக்கையை ஒட்டி, அதற்குள் விரலுக்குத் துளை போடுவார்கள். விரல் மாறினால் தக்கையை மட்டும் மாற்றினால் போதும், பந்து பிழைத்தது. என் பந்திலும் இருந்தது அதுதான், அந்த மகராசன்கள் பெருக்கியது தக்கையைத்தான். தக்கை மாற்றுவது பவுலிங் கடை வேலை, அதற்கென்று மிஷின் வேண்டும், அண்ணாச்சி தொடமாட்டேன் என்றது மிகச் சரி.

ஆனால் அவர் இன்னொன்று செய்தார், இந்த விமர்சனத்தில் நான் அதிகம் புகழப்போவது அதைத்தான். ஒரு முழம் நீளத்துக்கு ஒரு பலகைத் துண்டு எடுத்து, ஏழு துளை போட்டார், ஒன்றைவிட ஒன்று ஒரு பொட்டு பெரிசு. நம்ம தச்சு வேலையில் சின்ன அளவு நூல், ஒரு நூல் என்றால் எட்டில் ஒரு அங்குலம். பவுலிங்கில் கணக்கு 64-இல் ஒரு அங்குலம், அதாவது ஒரு நூலை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு, 0.4 மில்லிமீட்டர், அதுதான் ஒரு படி. இதைச் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது, 'நம்ம சிமிழு மூடிக் கணக்கு' என்றார். வெர்னியர் வைத்து அளந்து அளந்து ஒவ்வொரு துளையையும் அறுத்து வழித்து எடுத்தார். விரலை விட்டுப் பார்த்தேன். ஐந்தாவது தாராளம், மூன்றாவது நெருக்கம், நாலாவதில் சுற்றிலும் பட்டும் படாமல் நின்றது, விரலைத் திருப்பினால் தோல் லேசாக உரசுகிறது, இழுத்தால் முனகாமல் வருகிறது. 24.2 மில்லி. பெரிய கடைக்காரர்கள் பெருக்கி வைத்திருந்தது 25.5. மூன்று படி அதிகம்!

அப்புறம் பந்தின் துளைக்குள் ஒரு நேரான குச்சியைச் செருகி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தவர், "இது நேரா நிக்கல, உள்ளங்கைப் பக்கமா சாஞ்சு எறங்குது" என்றார். துளையின் சாய்வு என்று ஒன்று உண்டு. அடிப்பகுதி உள்ளங்கைப் பக்கம் சாய்ந்திருந்தால் பந்து கையில் அதிக நேரம் நிற்கும், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் சீக்கிரம் கழன்றுவிடும், எதிர்ப்பக்கம் ரொம்பப் போனால் நழுவுகிறதே என்று மறுபடி பிடித்து இறுக்கத் தோன்றும். பஹ்ரைனில் எனக்கு உள்பக்கச் சாய்வு வைத்தது அப்போதைய என் கைக்குச் சரி. பத்து வருஷத்தில் விரல் மூட்டு விறைத்துவிட்டது, கட்டைவிரல் அன்றைக்கு மாதிரி வளைவதில்லை. அண்ணாச்சியால் சாய்வை மாற்ற முடியாது, ஆனால் குச்சியால் காட்டிக் கொடுத்துவிட்டார்.

பலகையைத் தூக்கிக்கொண்டு அடுத்த சென்னைப் பயணத்தில் வேறு ஒரு கடைக்குப் போனேன். பழைய தக்கையை எடுத்து, புதுத் தக்கை ஒட்டி, சாய்வில்லாமல் நேராக, 23.8 மில்லிக்கு, அதாவது பலகை அளவுக்கு ஒரு படி குறைத்து, துளை போடச் சொன்னேன். "டைட்டா இருக்குமே சார்" என்றார் அந்தப் பையன். "இருக்கட்டும் தம்பி, ஊர்ல ஒரு ஆளு இருக்காரு" என்றேன். தேய்த்து எடுக்கலாம், தேய்ந்ததை ஒட்ட முடியாதே. பையன் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கே கிடைக்கும் என்று கேட்டான், ஊரைச் சொன்னேன்.

இரண்டாவது தடவை பட்டறைக்குப் போனது கார்த்திகையில், மழை விட்டு நன்றாக வெயில் அடித்த ஒரு நாள். இதுதான் உண்மையான வேலை நடந்த நாள், இரண்டரை மணி நேரம் ஆனது. முதலில் பட்டடையில் ஒரு உருளைக் கட்டை கடைந்தார், துளையைவிடக் கொஞ்சம் மெலிசு, அதன் மேல் உப்புத்தாளைச் சுற்றினால் துளைக்குள் சொருகிச் சுற்றத் தோதாக. பென்சிலில் சுற்றித் தேய்த்த என் புத்தியை இங்கே ஒரு தடவை நினைத்துக்கொண்டேன். கட்டை துளையின் பருமனுக்கு ஒட்டி இருந்தால்தான் சுற்று வட்டமாகத் தேயும், மெலிசாக இருந்தால் ஒரு பக்கமே தின்னும். 120 நம்பர் தாளில் ஆரம்பித்து, 220, கடைசியில் 400. ஒவ்வொரு தடவையும் பத்துச் சுற்று, துடைப்பு, சாக்பீஸ் தூள், விரல், வெளியே எடு, பார். மறுபடி பத்துச் சுற்று. தூள் எங்கே அழிகிறதோ அங்கே மட்டும் கை வைத்தார். மனுஷன் விரல் வட்டம் கிடையாது, கணுவுக்குப் பக்கத்தில் அகலம், அதனால் அந்தத் திசையில் மட்டும் ஒரு துளி நீள்வட்டமாகப் போனது. ஆனால் அளந்து போனது, நான் செய்த கோழிமுட்டை மாதிரி இல்லை. தேய்க்கும்போது வருகிற தூள் மரத்தூள் இல்லை, பிளாஸ்டிக் ஜாதி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன், அவர் கேட்கவில்லை, நான் கட்டிக்கொண்டேன். நீங்கள் போனால் இரண்டு மாஸ்க் கொண்டு போங்கள், முதலில் அவருக்கு மாட்டிவிடுங்கள்.

அடுத்தது விளிம்பு. பவுலிங் ஆடுகிற நம்மில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை, எல்லாம் துளையின் பருமனையே பிடித்துத் தொங்குவோம். விரல் வெளியே வரும்போது கடைசியாகத் தொட்டுவிட்டு வருவது விளிம்பைத்தான். அது கத்தி மாதிரி கூர்மையாக இருந்தால் விரலின் அடிச் சதை அதில் மாட்டும், துளை எவ்வளவு சரியாக இருந்தாலும் பயன் இல்லை. அண்ணாச்சி ஒரு சுரண்டுகத்தியை எடுத்து, உள்ளங்கைப் பக்க விளிம்பைச் சீப்பால் வாருகிற மாதிரி மெல்ல மெல்ல உருட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணால் பார்க்காமல், சுண்டுவிரல் நுனியால் தடவித் தடவி. கடைசியில் அரக்குக்குப் பளபளப்பு ஏற்றுகிற தாழை மடலை எடுத்து உள்ளே விட்டு ஒரு தேய் தேய்த்தார். அது தேவையா என்று எனக்குத் தெரியாது, ஆனால் துளையின் சுவர் பிள்ளைகள் சறுக்குகிற சறுக்குமரம் மாதிரி ஆகிவிட்டது. விரலை விட்டு, பந்தைக் கீழே தொங்கவிட்டேன், துளி அழுத்தாமல் நின்றது. கையை லேசாக ஆட்டி, பட்டறைத் தரையில் போட்டிருந்த சாக்குக் குவியலில் விட்டேன். கழன்றது தெரியவே இல்லை.

நடுவில் அவருக்கு ஒரு யோசனை. "இம்புட்டு கனத்தத் தூக்கிட்டு அலையீயளே, அந்தப் பக்கம் இன்னொரு ஓட்ட போட்டுக் கயிறு கோத்துத் தரட்டா?" என்றார். வேண்டாம் அண்ணாச்சி, விரல் போகாத துளை இருக்கக் கூடாது, 2020 ஆகஸ்டிலிருந்து அமெரிக்கப் பவுலிங் காங்கிரஸ் விதி என்றேன். "இதுலயுமா காங்கிரசு" என்றார்.

இனிக் குறைகள். ஒரு நட்சத்திரம் குறைத்ததற்குக் காரணம் சொல்லவேண்டும் இல்லையா. விளிம்பு வேலை நடக்கும்போது நான் ஒரு போன் பேச வெளியே போனேன், ஐந்து நிமிஷம். திரும்பி வருவதற்குள் சுட்டுவிரல் பக்கத்து விளிம்பைத் தேவைக்கு மேல் ஒரு சுரண்டு அதிகம் எடுத்துவிட்டார். என் விரலை வைத்துப் பார்க்காமல் எடுத்தது. தவறு என்று அவரே ஒத்துக்கொண்டார், 'அழகுக்குச் சமமா எடுத்துட்டேன்' என்றார். கடைசல்காரர் கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கவேண்டும், என் விரலுக்கு ஒன்றுபோல் இருக்கக் கூடாது, அங்கேதான் இடிக்கிறது. அந்த இடத்தில் இப்போது ஒரு டேப் ஒட்டி ஓட்டுகிறேன். ஆகவே நீங்கள் போனால் வேலை முடிகிறவரை பக்கத்திலிருந்து நகராதீர்கள், போன் வந்தால் வரட்டும்.

இன்னொன்று, அவர் போனை எடுக்க மாட்டார். நான் முதலில் பந்தோடு போவதற்கு முந்தின நாள் ஆறு தடவை அடித்தேன். மோட்டார் சத்தத்தில் கேட்காதாம். பில் கிடையாது. சொப்பு ஆர்டர் இருந்தால் உங்கள் பந்து மூலையில் சாக்குப் பையோடு சாக்குப் பையாகக் கிடக்கும், அதில் ஒரு பூனை சாய்ந்து தூங்கவும் கூடும், என் பந்தில் தூங்கியது.

காசு விஷயம்: முதல் நாள் விரல் பார்த்ததற்கு ஒன்றும் வாங்கவில்லை, பலகைக்கு 150 ரூபாய், இரண்டாவது நாள் வேலைக்கு 250. நான் ஐந்நூறு கொடுத்தேன், மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தங்கச்சி மகளுக்கு என்று ஒரு பம்பரத்தைக் கூடையில் போட்டுவிட்டார். சென்னையில் தக்கை மாற்றியது இதில் சேராது, அது தனிச் செலவு, பல மடங்கு.

முடிவு எப்படி? அந்த மாசம் சென்னையில் முதல் பந்தை எடுக்கும்போது வயிற்றைக் கலக்கியது. இறுக்கிப் பிடிக்கிற பழக்கம் இரண்டு வருஷப் பழக்கம், துளை சரியானதும் கை சரியாகிவிடாது. முதல் ஆட்டம் முழுக்க, பிடிக்காதே பிடிக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆடினேன், 128 வந்தது, கேவலம். இரண்டாவது ஆட்டத்தில் நடுவில் எங்கேயோ மறந்துவிட்டேன், பந்து சத்தமே இல்லாமல் தரையில் இறங்கி, பாதையில் எண்ணெய் தடவிய பகுதியைத் தாண்டியதும் உள்ளே திரும்பி ஓடியது. திரும்புகிற பந்தைப் பார்த்தே ரொம்ப நாள் ஆகிவிட்டிருந்தது. 171. மூன்றாவது ஆட்டத்தில் 160 சொச்சம். கணு உரியவில்லை. அன்றைக்கு ராத்திரி ரயிலில் புளியோதரையைக் கையால் பிசைந்து சாப்பிட்டேன்.

ஒரே ஒரு சங்கதி மட்டும் பட்டறையில் தெரியவராது. அம்பாசமுத்திரத்தில் வெயிலில் அளவெடுத்த விரல், சென்னையில் அந்த ஏசி ஹாலுக்குள் போனால் ஒரு படி சுருங்கிவிடும். ஆடஆட ரத்தம் ஏறி மறுபடி வீங்கும். உப்புக்கண்டம் சாப்பிட்டுவிட்டுப் போனால் வேறு அளவு. அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை, "சித்திரையில செஞ்ச கதவு ஐப்பசியில சாத்தாதுல்லா" என்றார். அதனால் துளையை வீங்கின விரலுக்குத் தக்கபடி வைத்துக்கொண்டு, சுருங்கின நேரத்துக்கு டேப் ஒட்டுவதுதான் வழி. இதற்கென்றே அரைவட்டம் மாதிரி வெட்டின டேப் துண்டுகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. சதைப் பக்கம் சொரசொரப்பானதும் நகப் பக்கம் வழவழப்பானதும் ஒட்டுவேன், ஆரம்பத்தில் இரண்டு, விரல் சூடானதும் ஒன்றை உரித்துவிடுவேன். டேப்பின் மேல் நுனி விளிம்புக்குச் சற்றுக் கீழேயே நிற்கவேண்டும், விளிம்பு வரை ஏற்றினால் அதில் விரல் மாட்டி, அண்ணாச்சி இரண்டரை மணி நேரம் செய்ததை இரண்டு நொடியில் கெடுத்துவிடும். ஒட்ட, உரிக்க ஒரு சாமணம் வைத்துக்கொள்ளுங்கள், நகத்தால் தோண்டினால் ஆட்டத்துக்கு முன்னாலேயே விரல் புண்ணாகிவிடும்.

புதுத் துளை போடவோ, சாய்வு மாற்றவோ, தக்கை மாற்றவோ இந்தப் பட்டறைக்குப் போகாதீர்கள், அவரும் செய்யமாட்டார். சென்னையிலோ பெங்களூரிலோ துளை போட்டுவிட்டு, கொஞ்சம் நெருக்கமாகவே வாங்கிக்கொண்டு வந்து, கடைசி ஒரு படியை இவர் கையால் எடுத்துக்கொள்ளுங்கள். போகிற அன்றைக்குக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்காதீர்கள், சாக்பீஸ் தூள் ஒட்டாது, எனக்கு அப்படி ஒரு சனிக்கிழமை வீணாகப் போனது.

போவது என்றால் ஆடி அமாவாசை வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பாபநாசம் போகிற சாலை முழுக்கச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற வண்டிதான், பஸ்ஸில் பந்துக்கு இல்லை, உங்களுக்கே இடம் கிடைக்காது, அப்படியே நின்றுகொண்டு போய்ச் சேர்ந்தாலும் பட்டறை பூட்டியிருக்கும், அண்ணாச்சி குடும்பத்தோடு காரையாரில் கூடாரம் போட்டிருப்பார்.